கேட்ட பந்து கிடைக்காது

பாரஹோனா நண்டுகள் அணி தோற்று வெளியேறிய மறுநாளே அதன் ஆட்கள் சந்தைக்கு வந்துவிட்டார்கள். தொமினிக்கன் குளிர்கால பேஸ்பாலில் இது வருடாவருடம் நடப்பதுதான். தோற்ற அணி வீட்டுக்குப் போகும். அதன் நல்ல ஆட்டக்காரர்கள் போக மாட்டார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு அணிகளும் எதிரெதிரே உட்கார்ந்து, தக்காளி பொறுக்குகிற மாதிரி அமுக்கிப் பார்த்து, வேண்டியவர்களை மாறி மாறி எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை திட்டித் தீர்த்த அணியின் சட்டையை இன்று போட்டுக்கொண்டு ஆட வேண்டும். யாரும் அதைத் துரோகம் என்று சொல்வதில்லை. பிழைப்பு என்று சொல்வார்கள்.

லா வேகா குதிரைகள் முதல் ஆளாக எடுத்தது பந்து பிடிக்கிற கேட்சர் லியோந்தே அப்ரெயுவை. மோகா சேவல்கள் கடைசி ஆளாக, கூடையில் மிச்சம் கிடந்ததை வேண்டாவெறுப்பாக எடுக்கிறவர்கள் போல எடுத்தது பந்து வீசுகிற பிட்சர் நிகானோர் பெரால்தாவை.

நிகானோர் அப்போது முடி வெட்டிக்கொண்டிருந்தான். கடை வானொலியில் நண்டுகளின் நிர்வாகி பேசினார்.

"நிகானோரா? தங்கமான மனுஷன். முப்பத்தெட்டு வயசாச்சு. தோள்ல இன்னும் ரெண்டு மூணு இன்னிங்ஸ் பாக்கி இருக்கும். மோகாக்காரங்க அதைப் பாத்துச் செலவு பண்ணணும்."

முடிவெட்டுகிறவர் சங்கடப்பட்டு வானொலியின் காதைத் திருகினார்.

"எதுக்குக் குறைக்கிறீங்க? சத்தமா வைங்க. என்னைப் பத்திதானே பேசுறான்," என்றான் நிகானோர். "பேசி முடிக்கட்டும். அப்புறம் நான் பேசுறேன்."

அவன் பேச வேண்டிய நாள் வரப் பத்து நாள் பிடித்தது. இறுதிச் சுற்றில் இரண்டு அணிகளும் ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து நின்றன. ஞாயிறு மாலை மோகாவில் கடைசி ஆட்டம். சேவல்களின் பிட்சர்கள் எல்லோருக்கும் கை கழன்றிருந்தது. இந்தப் பத்து நாளில் பெஞ்சைத் தேய்த்ததைத் தவிர வேறு வேலை செய்யாத ஒரே கை நிகானோருடையது. அதனால் பந்து அவன் கைக்கு வந்தது.

சனிக்கிழமை சேவல்களின் முதலாளியம்மா தோன்யா கிரிசெல்தா அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். கோழித் தீவன வியாபாரம் செய்து பெரிய ஆளானவர். சேவல் என்று பெயர் வைத்த அணியை அவர் வாங்கியதற்கு விளம்பரம் தவிர வேறு காரணம் இருக்கும் என்று மோகாவில் யாரும் நம்பியதில்லை.

"வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது," என்றார். "நாளைக்கு ஜெயிச்சுக் குடுத்தா, அடுத்த சீசனும் நீ சேவல்தான். தோத்தா, பாரஹோனாவுக்கு பஸ் காலையில ஆறரைக்கு."

"பாரஹோனாவுல என்னை வேண்டாம்னுட்டாங்க."

"தெரியும். மத்தவங்ககிட்டயும் விசாரிச்சுட்டேன். ஒருத்தரும் உன்னைக் கேட்கல. அதனாலதான் இவ்வளவு தைரியமாப் பேசுறேன்."

நிகானோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. "அப்போ நானும் ஒண்ணு கேட்கிறேன். நடுவுல என்னை எடுக்கக் கூடாது."

"அது செவேரோ இஷ்டம். அவர்தான் மேனேஜர்."

"சரி. செவேரோகிட்ட நான் அங்கேயே பேசிக்கிறேன்."

நிகானோர் சந்தையில் பிறந்தவன் என்றே சொல்லலாம். அவன் அம்மா தோன்யா மினெர்வா பாரஹோனா சந்தையில் வாழைக்காய்க் கடை போட்டிருந்தாள்; இன்னும் போட்டிருக்கிறாள்; மகன் அனுப்புகிற பணத்தில் கடையைப் பெரிதாக்கினாளே ஒழிய எடுக்கவில்லை. காய்க் குலைகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்குப் பந்து வீசுவதும் ஒரு வியாபாரமாகத்தான் பட்டது. அடிக்கிறவன் வந்து நிற்கிற வெள்ளைத் தட்டு அவனுக்குக் கடை. அதன் இரண்டு ஓரமும் அவனுடைய முதல். நடுவில் சரக்கு வைக்கிறவன் ஒரே வாரத்தில் திவாலாவான். வந்து நிற்கிறவன் ஒவ்வொருவனும் வாங்க வந்தவன். மலிவாக அடித்துக்கொண்டு போகலாம் என்று வந்தவன். அவனிடம் கெஞ்சக் கூடாது, அவன் முகத்தைப் பார்த்து விலையைக் குறைக்கக் கூடாது, முக்கியமாக, கடை யாருடையது என்பதை அவன் மறக்க விடக் கூடாது. ஓரத்தைச் சொந்தம் கொண்டாடித் தட்டின் மேல் சாய்ந்து நிற்கிறவனைக் கண்டால் நிகானோருக்கு உடம்பு எரியும். அடுத்த பந்து அவன் முழங்கைக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு போகும்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் லியோந்தே. பத்துப் பன்னிரண்டு வருஷம் தட்டுக்குப் பின்னால் குத்தவைத்து, தொடைகளுக்கு நடுவில் விரலைக் காட்டி, இந்தப் பந்தைப் போடு, அந்தப் பந்தைப் போடு என்று கேட்டு வாங்கியவன். நிகானோரின் மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் வேலியோரம் கட்டிப்பிடித்துக்கொண்டபோதும் அப்படித்தான்.

"கொம்பாத்ரே, தோள் எப்படி?"

"வானொலியில சொன்னாங்களே, கேட்கலியா?"

"கேட்டேன். சிரிச்சேன். இருந்தாலும் இன்னைக்கு உன்னை அடிச்சுத்தான் ஆகணும். மனசுல வெச்சுக்காதே."

"நீ அடிச்சாத்தானே வெச்சுக்கிறதுக்கு."

முதல் மூன்று இன்னிங்ஸ் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. குதிரைகளில் ஒருவனும் பேஸில் கால் வைக்கவில்லை. சேவல்கள் அதற்குள் மூன்று ரன் எடுத்துவிட்டார்கள். மைதானம் முழுக்க அண்டாவும் கரண்டியுமாகத் தட்டினார்கள். பக்கத்து ஊரான லா வேகாவிலிருந்து வந்திருந்த கூட்டம் கார்னிவல் பிசாசு முகமூடிகளை மாட்டிக்கொண்டு மூன்றாம் பேஸ் பக்கம் மௌனமாக உட்கார்ந்திருந்தது. கொம்பு வைத்த பிசாசுகள் சோகமாக இருப்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான்காவது இன்னிங்ஸில் லியோந்தே வாயைத் திறந்தான்.

தன் அணி அடிக்கும்போது, தன் முறை வரும்வரை அவனுக்குப் பெஞ்சில் உட்காருகிற வேலைதான். அங்கிருந்து இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்: "தோன்யா மினெர்வா! வாழைக்காய் இன்னைக்கு என்ன விலை?"

குதிரைகளின் பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு. நிகானோருக்குக் காது மடல் சூடாயிற்று. பதினெட்டு வயதில் அவன் முதல் ஆட்டம் ஆட வந்தபோது தலைநகரத்துக் கூட்டம் எழுந்து நின்று இதைத்தான் கேட்டது. அன்று மூன்று பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டு, போகிற போக்கில் கூட்டத்தைப் பார்த்து, "டஜன் உங்களுக்குக் கட்டுப்படியாகாது!" என்று கத்தி அபராதம் கட்டினான். அந்தக் கதை லியோந்தேவுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

புதுக் கேட்சர் யோர்பிஸ் வெனிசுவேலாக்காரன்; நல்ல கை, பயந்த சுபாவம். மெதுப்பந்து கேட்டு விரலைக் காட்டினான். நிகானோர் தலையை ஆட்டி மறுத்தான். வேகப்பந்து. உள்பக்கம். முழங்கைக்கு அருகில்.

பேட்டர் அதற்காகவே காத்திருந்தவன் போல இடுப்பைத் திறந்து அடித்தான். பந்து இடது கோட்டை ஒட்டிப் பறந்தது. அவன் இரண்டாம் பேஸில் போய் நின்றான்.

அடுத்தவன் மெதுப்பந்தில் ஏமாந்து பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அவுட் ஆனான். அதற்கடுத்தவன் வந்ததும், "தோன்யா மினெர்வா! பழுத்தது இருக்கா, காயா?" வேகப்பந்து உள்ளே போனது. அடி. ஒரு ரன். நான்காமவனுக்கும் ஒரு குரல், ஒரு வேகப்பந்து, ஒரு அடி, இன்னொரு ரன். அதற்குப் பிறகு இரண்டு பேர் தாங்களாகவே பந்தை ஆகாயத்தில் ஏற்றிக்கொடுத்ததால் இன்னிங்ஸ் முடிந்தது. மூன்றுக்கு இரண்டு. பிசாசுகள் எழுந்து ஆடின.

பெஞ்சில் யோர்பிஸ் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, என் விரல் அவங்களுக்குத் தெரியுதோ? முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி அடிக்கிறாங்களே."

"உன் விரல் தெரிஞ்சா மெதுப்பந்தையும் அடிச்சிருப்பான்."

நிகானோர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஒவ்வொரு பந்தாகப் பின்னோக்கிப் பார்த்தான். கத்தல் வந்த பந்தில் அடி. கத்தல் வராத பந்தில் அவுட். கோப்பையை வைத்துவிட்டு எதிர்ப் பெஞ்சைப் பார்த்தான். அங்கே லியோந்தே கேட்சர் கவசத்தை மாட்டிக்கொண்டே யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"படுபாவி," என்றான் நிகானோர். குரலில் கோபத்தோடு ஒரு பாராட்டும் கலந்திருந்தது. "இத்தனை வருஷம் விரலைக் காட்டிப் பந்து கேட்டான். இன்னைக்கு வாயால கேட்கிறான். நானும் கேட்டதை எடுத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

யோர்பிஸுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. "ஓ! திட்டினா நீங்க உள்ளே வேகமாப் போடுவீங்கன்னு..."

"எனக்கே தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. என் கோபத்துக்கு பஸ் மாதிரி நேரம் குறிச்சு வெச்சிருக்கான்."

"அப்போ சுலபம்ணே. இனிமே அவன் கத்தினா மெதுப்பந்து போட்டுருவோம்."

"எதுக்கு?"

"அவங்க ஏமாறுவாங்களே."

"ஒருத்தன் ஏமாறுவான். அடுத்தவனுக்கு லியோந்தே கத்த மாட்டான். எனக்கு அவன் கத்தணும்ப்பா." நிகானோர் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "எங்க கடைக்கு ஒருத்தன் வருவான். ஏதோ ஓட்டலுக்குச் சரக்கு வாங்குற ஆளு. எங்கம்மா லாரிக்காரன்கிட்ட என்ன விலைக்கு எடுக்குறாங்கன்னு முன்னாடியே விசாரிச்சுட்டு வந்துருவான். மத்த கடைக்காரங்களுக்கெல்லாம் அவனைக் கண்டா நடுக்கம். எங்கம்மாவுக்கு அவனைக் கண்டா கொண்டாட்டம். ஏன் சொல்லு?"

"தெரியலியே."

"அசல் விலை தெரிஞ்ச சந்தோஷத்துல அவன் காயைத் திருப்பியே பாக்க மாட்டான்."

யோர்பிஸ் விழித்தான்.

"விலை அதேதான் சொல்லப்போறேன். அவன் கத்துவான், எனக்குக் கோபம் வரும், வேகப்பந்து உள்ளே வரும். எல்லாம் அவங்க எதிர்பாக்குற மாதிரியே. ஆனா பந்து நாலு விரல் இன்னும் உள்ளே வரும். நீ எப்பவும் உக்கார்ற இடத்துலயே உக்காரு. கையை மட்டும் நீட்டிப் பிடிச்சிரு."

"பேட்டர் மேல பட்டா?"

"பட்டா அவன் நின்ன இடம் தப்பு."

கோபத்தை நடிக்கத் தேவையே இருக்கவில்லை என்பதுதான் விசேஷம். ஐந்தாவது இன்னிங்ஸில் "தோன்யா மினெர்வா!" என்ற குரல் எழுந்ததும் நிகானோரின் காது முன்போலவே சூடாயிற்று. அம்மாவின் பெயரை இந்த ஊர் மைதானத்தில் ஏலம் போட இவன் யார்? அவள் கையால் பொரித்த வாழைக்காயைத் தட்டுத் தட்டாகத் தின்றவன்! அந்தச் சூடு முழுக்கத் தோளில் இறங்கி, பந்தில் ஏறிப் போயிற்று. பேட்டர் இடுப்பைத் திறந்து, பல்லைக் கடித்து, காத்திருந்த பந்துக்கு மட்டையை வீசினான். பந்து மட்டையின் கழுத்தில் பட்டது. மட்டை இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு மூன்றாம் பேஸ் பக்கம் பறந்தது. பந்து பூனைக்குட்டி மாதிரி உருண்டு நிகானோரின் காலடிக்கே வந்து சேர்ந்தது.

ஆறாவதில் இன்னும் இரண்டு மட்டை. அடிக்கிறவர்கள் உள்ளங்கை அதிர்ந்து விரலை உதறிக்கொண்டே திரும்பிப் போனார்கள். தங்களுக்குத் தெரிந்த பந்து, தாங்கள் எதிர்பார்த்த பந்து, தாங்கள் எதிர்பார்த்த நேரத்துக்கு வந்த பந்து. அதை விட்டுவிட ஒருவனுக்கும் மனசு வரவில்லை. ஏழாவதில் ஒருவனுக்கு முழங்கையில் பட்டேவிட்டது. குதிரைகளின் பெஞ்ச் மொத்தமும் எழுந்து மைதானத்துக்குள் ஒரு அடி வைத்தது. அடிபட்டவன் மட்டையை எறிந்துவிட்டு நிகானோரை நோக்கி நடந்தான்.

நிகானோர் பந்து வீசுகிற மேட்டை விட்டு அசையவில்லை. "வா," என்றான். "கிட்ட வந்து சொல்லு. என் கடைக்குள்ள கையை நீட்டினது நீதானே? பந்து எப்பவும் போற வழியிலதான் போச்சு."

நடுவர் நடுவில் புகுந்து இருவரையும் விலக்கிவிட்டார். அடிபட்டவன் முனகிக்கொண்டே, பந்து பட்டவனுக்கு விதிப்படி கிடைக்கிற முதல் பேஸுக்குப் போனான். ஆனால் அந்தச் சலசலப்புக்கு நடுவில் லியோந்தே மட்டும் கத்தாமல் நின்று, தரையில் கிடந்த உடைந்த மட்டைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிகானோரைப் பார்த்தான். இத்தனை தூரத்திலிருந்தும் அந்தப் பார்வை நிகானோருக்குப் புரிந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டான். இனி கத்த மாட்டான்.

அவன் கத்தவில்லைதான். ஆனால் அதற்குள் அந்தக் கேள்வி லா வேகா கூட்டத்துக்குப் பிடித்துப்போயிருந்தது. எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் கொம்பு வைத்த பிசாசுகள் எல்லாம் எழுந்து நின்று ஒரே குரலில், "தோன்யா மினெர்வா! வாழைக்காய் என்ன விலை?" என்று ஒவ்வொரு பந்துக்கும் முழங்க ஆரம்பித்தன. லியோந்தே பெஞ்சின் படிக்கட்டில் ஏறிக் கையை ஆட்டி ஆட்டி அவர்களை உட்காரச் சொன்னான். உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். அடிக்கிறவர்களுக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு பந்துக்கும் கத்தினால் எந்தப் பந்துக்குக் காத்திருப்பது? மூன்று பேரும் மெதுப்பந்தில் சுழன்று விழுந்தார்கள். நிகானோர் மேட்டிலிருந்து இறங்கும்போது தொப்பியைக் கழற்றிப் பிசாசுகளுக்கு ஒரு வணக்கம் போட்டான்.

ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஏறும்போது அவன் கை கையாக இல்லை. தோளிலிருந்து ஈரத் துண்டு தொங்குகிற மாதிரி இருந்தது. முதல் பேட்டரைத் தட்டில் நிறுத்த முடியவில்லை. நான்கு பந்தும் வெளியே போய் அவன் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்தான். அடுத்தவன் பந்தைத் தட்டிவிட்டுத் தான் அவுட் ஆகி அவனை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினான். மூன்றாமவன் தரையோடு அடித்து அவுட் ஆனான். ஓடுகிறவன் மூன்றாம் பேஸுக்கு வந்துவிட்டான். இன்னும் ஒரு அவுட் வேண்டும். ஓடுகிறவன் உள்ளே வந்துவிட்டால் ஆட்டம் சமன். அடிக்க வருகிறவன் லியோந்தே.

மேனேஜர் செவேரோ பெஞ்சிலிருந்து புறப்பட்டார். தொந்தியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, மேட்டில் ஏறி, பேசாமல் உள்ளங்கையை நீட்டினார். பந்தைக் கொடு என்று அர்த்தம்.

நிகானோர் பந்தைக் கையுறைக்குள் புதைத்து, கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"குடு."

"மாட்டேன்."

"நிகானோர், உன் கை தொங்குதுடா."

"தொங்கட்டும். இன்னும் கழண்டு விழல."

"வர்றவன் யாருன்னு பாத்தியா? உன்னை அக்கு அக்காத் தெரிஞ்சவன். என்ன போடுவேன்னு நீ யோசிக்கிறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிரும்."

"காலையிலேர்ந்து எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. லியோந்தேவுக்கு நிகானோரைத் தெரியும், லியோந்தேவுக்கு நிகானோரைத் தெரியும். பன்னெண்டு வருஷம் அவன் என்னைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்னா, நான் எங்கே பாத்துக்கிட்டு நின்னேன்? ஆகாசத்தையா? எனக்கு அவனைத் தெரியுமான்னு ஒருத்தனும் கேட்க மாட்டேங்கிறீங்களே!"

யோர்பிஸ் முகமூடியைத் தூக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். செவேரோ அவனிடம், "நீ சொல்லு, இவன்கிட்ட இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார்.

யோர்பிஸ் முகமூடியைக் கழற்றியே விட்டான். "வேகம் குறைஞ்சிருச்சு. ஆனா..."

"ஆனா?"

"நான் போய் இவர்கிட்டேருந்து பந்தைப் பிடுங்க மாட்டேன். நீங்களே பிடுங்கிக்குங்க."

நடுவர் கிட்டே வந்துகொண்டிருந்தார். செவேரோ பெருமூச்சு விட்டார். "தோத்தா உன்னைக் கொன்னுருவேன்."

"தோத்தா அது எனக்கு நீங்க செய்யுற உதவி."

செவேரோ கையை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். மைதானம் பாதி கைதட்டியது, பாதி தலையில் கை வைத்துக்கொண்டது.

லியோந்தே வந்து நின்றான். பிசாசுக் கூட்டம் என்னென்னவோ கத்தியது. அவன் எதையும் கேட்கவில்லை, நிகானோரும் கேட்கவில்லை. லியோந்தே தட்டை மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றான். வேண்டுமென்றே. ஓரம் முழுக்க அவனுடையது என்கிற மாதிரி.

முதல் பந்து வளைந்து வெளியே போனது. லியோந்தே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது வெளி ஓரத்தில் வேகம். தட்டிவிட்டான், கோட்டுக்கு வெளியே. மூன்றாவது மெதுப்பந்து, முன்னால் சாய்ந்து, கடைசி நொடியில் சமாளித்து, அதையும் வெளியே தட்டினான். இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று விழுந்தால் அவுட்.

யோர்பிஸ் மெதுப்பந்து கேட்டான். நிகானோர் மறுத்தான். வளைவுப்பந்து கேட்டான். மறுத்தான். நாலு விரல் உள்ளே வருகிற அந்தப் பந்தைக் கேட்டான். அதற்கும் மறுப்பு. யோர்பிஸ் விரல்களை மடக்கிவிட்டுச் சும்மா பார்த்தான். இனி மிச்சம் இருப்பது ஒன்றுதான்: உள் ஓரத்தில், தட்டின் மேல், ஒளிவுமறைவில்லாத வேகப்பந்து. எல்லோருக்கும் தெரிந்த பந்து.

நிகானோருக்கு லியோந்தேவைத் தெரியும் என்று சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. கெட்டிக்காரன், தன்னைவிட எதிராளி ஒரு படி மேலே யோசித்திருப்பான் என்று எப்போதும் அஞ்சுகிறவன். இன்று ஒரு முறை அப்படி ஏமாந்தும் விட்டான். பந்து உள்ளே வருவதைப் பார்த்தால் இன்னும் உள்ளே போகப்போகிறது என்று நினைத்துக் கையை இழுத்துக்கொள்வான். இந்தக் கணக்கெல்லாம் நிகானோருக்கு ஒரு கணத்தில் ஓடியது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் கணக்கு அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. என் ஓரத்தில் சாய்ந்து நிற்கிறான். அதை அவனிடமிருந்து திரும்ப வாங்காமல் நான் எங்கேயும் போக மாட்டேன். மெதுப்பந்து போட்டு அவுட் ஆக்கினாலும் அந்த ஓரம் அவனுடையதாகவே இருக்கும்.

போட்டான்.

கணக்கு தப்பு. லியோந்தே கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் அந்தப் பந்தைத்தான் எதிர்பார்த்தான். அந்த இடத்தில்தான் எதிர்பார்த்தான். மட்டையின் சதைப்பகுதியில் பட்ட சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. பந்து வந்த வழியே திரும்பி, தரைக்கு ஒரு சாண் மேலே பாய்ந்து, நிகானோரின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மோதியது.

அவன் விழுந்தான். விழுகிறபோதே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே விழுந்தான். முதல் பேஸ் கோட்டின் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. மூன்றாம் பேஸிலிருந்து ஒருவன் உள்ளே ஓடி வருகிறான். லியோந்தே, கேட்சருக்கே உரிய கனத்த கால்களோடு, முதல் பேஸுக்கு ஓடுகிறான். நிகானோர் எழுந்திருக்க முயலவில்லை. எழுந்தால் நேரம் போகும். இரண்டு முழங்கையாலும் ஒரு காலாலும் தவழ்ந்து போய்ப் பந்தைப் பிடித்து, மண்டியிட்டபடியே, ஈரத் துண்டு மாதிரி தொங்கிய அதே கையால் விட்டெறிந்தான்.

முதல் பேஸ்காரன் உடம்பை நீட்டிப் பிடித்தான். லியோந்தேவுக்கு இன்னும் அரை எட்டு பாக்கி. நடுவர் முஷ்டியை மடக்கி உயர்த்தினார். அவுட்.

மூன்றாவது அவுட் விழுந்துவிட்டதால் உள்ளே ஓடி வந்தவனின் ரன் செல்லவில்லை; ஆட்டம் சேவல்களுக்கு. அடுத்த ஐந்து நிமிடம் நிகானோருக்கு மேல் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். ஒருவழியாக அவனைத் தோண்டி எடுத்து உட்கார வைத்தபோது காலில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. தோன்யா கிரிசெல்தா கையில் ரம் பாட்டிலோடு குனிந்து பார்த்தார்.

"எலும்பு உடைஞ்சிருக்குமோ?"

"உடைஞ்சிருந்தா அக்டோபருக்குள்ள ஒட்டிரும். சீசன் அப்போதானே ஆரம்பிக்குது?"

"அதுக்குள்ள அக்டோபருக்குப் போயிட்டியா?"

"நீங்க சொன்ன வார்த்தை எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. இத்தனை பேர் நிக்கிறாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

தோன்யா கிரிசெல்தா அவனை ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு பாட்டிலை அவன் கையில் திணித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அடுத்த சீசனும் இவன் சேவல்தான்!" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு லியோந்தே வந்தான். கவசத்தைக் கழற்றியிருந்தான், கண் சிவந்திருந்தது. நிகானோருக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து வீங்கின காலைப் பார்த்தான்.

"அதைத்தான் போடுவேன்னு எனக்குத் தெரியும், கொம்பாத்ரே."

"தெரிஞ்சதுன்னாலதான் அவ்வளவு நல்லா அடிச்சே. ஒத்துக்கிறேன்."

"அது சுத்தமான ஹிட். நடுவுல உன் காலு நின்னுச்சு."

"என் காலு என் இடத்துல நிக்குது. நீ ஏன் அங்கே அடிச்சே?"

லியோந்தே சிரிக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. ரம்மை வாங்கி ஒரு மிடறு குடித்தான். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. உண்மையைச் சொல்லணும். இப்போ எழுந்து போய் மறுபடி நின்னா, என்ன போடுவே?"

"அதேதான்."

"அதே இடத்துலயா? நான் அடிச்சதுக்கப்புறமுமா?"

நிகானோர் அடிபட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக நீட்டிக்கொண்டான். வலியில் முகம் சுருங்கியது. ஆனால் குரல் சுருங்கவில்லை.

"மட்டை இருக்குல்ல? போய் எடுத்துட்டு வா."